எனக்குக் கேள்வி கொடுக்கவில்லை

என் மனைவிக்கு வெளியே ஒரு ஆள் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. ஆள் என்றால் நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம், நாலு வார்த்தை கேட்கலாம், தெருவே நம் பக்கம் பேசும். அவளை என்னிடமிருந்து பங்கு போட்டுக்கொண்டது ஒரு பல்கலைக்கழகம். கடற்கரைச் சாலையில் மதிலும் மரமும் நீள நீளமான வராந்தாக்களுமாகக் கிடக்கிற அரசாங்கப் பல்கலைக்கழகம். அதன் சட்டையை எங்கே பிடிப்பது? சொந்தக்காரர்களிடம் சொன்னால், பொண்டாட்டி படிப்பதற்கு எவனாவது பொறாமைப்படுவானா என்று என்னையே கேட்பார்கள். படுவான். நான் பட்டேன்.

நான் ராயபுரத்துக்காரன். எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கப்பலிலிருந்து இறங்கி வரும் கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். அந்தப் பெட்டிகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டியை ஓட்டுகிறேன். படிக்காதவன் இல்லை. பி.காம். முடித்தவன், அதுவும் இதே பல்கலைக்கழகத்தில். ஆனால் கரஸ். புத்தகம் தபாலில் வந்தது. வேலை விட்டு வந்து, முகம் கழுவிவிட்டு, டிவி சத்தத்துக்கு நடுவே படித்தேன். பரீட்சையைத் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். பட்டமும் தபாலில்தான் வந்தது. அந்த வளாகத்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை. நான் படித்த பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

அவள் எங்கள் தெருதான். ஒரே மாதா கோயில், ஒரே ரேஷன் கடை, ஒரே தண்ணி லாரி. கல்யாணத்தின்போதே எம்.ஏ. முடித்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பிஎச்.டி. பண்ணட்டுமா என்று கேட்டாள். தாராளமாகப் பண்ணு என்றேன். பெரிய மனசுக்காரன் மாதிரி அட்மிஷனுக்கு நானே பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டிலேயே நின்றுகொண்டேன். அவள் திரும்பி வரும்போது மதியமாகிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. நூலகம் எவ்வளவு உயரம், வராந்தாவில் எப்படிக் காற்று வருகிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள். நான் வெயிலில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியது.

பிறகு தினமும் அதே கேட். எனக்குப் பகல் ஷிஃப்ட் இல்லாத நாளில் எல்லாம் நான்தான் கொண்டுபோய் விடுவேன். ராயபுரம் பாலம், பீச் ஸ்டேஷன் என்று வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதை பேசிக்கொண்டே வருவாள். கேஸ் புக் பண்ணணும், அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், கீழ் வீட்டுக்காரி மோட்டாரை நிறுத்த மாட்டேங்கறா. போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டினதும் பேச்சு நின்றுவிடும். கேட்டில் இறங்கி, துப்பட்டாவைச் சரி செய்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். அந்த அட்டையை மாட்டியதும் நடையே மாறிவிடும். உள்ளே போகிறவள் திரும்பிப் பார்ப்பாளா என்று நான் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் நிற்பேன். முதல் ஒரு வாரம் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு அறை. அதில் ஓடுகிற ஃபேன் ஒன்று, ஓடாத ஃபேன் ஒன்று. ஓடுகிற ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் தினமும் ஒரு சண்டை. கேன்டீனில் டீ சுமார், பஜ்ஜி நன்றாக இருக்கும். மரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். நூலகத்தில் ஒரு பூனை. பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் சுவருக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள், அது முடிந்த மறுநாளே எவனாவது சுவரில் போஸ்டர் ஒட்டி வைப்பான். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிக்கிற சிரிப்பு, என் ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அது வேறு. அதை நான் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன்.

என் தங்கை கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் புடவை எடுத்தார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்க நான் என்ன ஸ்கூல் பிள்ளையா என்று கேட்டாள். சரி, அவள் குணம் என்று விட்டுவிட்டேன். அடுத்த தை மாதம் டிபார்ட்மென்டில் பொங்கல் விழா. ஆராய்ச்சிப் பெண்கள் எல்லோரும் மாம்பழ நிறப் புடவை. இவளும் மாம்பழ நிறம். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு எடுத்த போட்டோவை எனக்கே அனுப்பி வைத்தாள். என் காதில் புகை வந்தது. தங்கை அந்தப் போட்டோவைப் பார்த்துவிடக் கூடாதே என்று வேறு பயந்தேன்.

அதையும் பொறுத்தேன். மீன் விஷயம்தான் பொறுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், விடியற்காலையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது காசிமேட்டில் நிறுத்தி மீன் வாங்கி வருவேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நானே மசாலா தடவி, தோசைக்கல்லில் வறுத்து, டப்பாவில் வைத்துக் கொடுப்பேன். சாயந்திரம் டப்பா காலியாக வரும். அவள் சாப்பிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் போனில் ஒரு பெண் பேசினாள். அறையில் இவளுக்கு ஜூனியராம். "அண்ணா, உங்க வஞ்சரம் செம டேஸ்ட்ணா. அடுத்த வாரம் கொஞ்சம் கூட வைங்கண்ணா" என்றாள். விசாரித்தால், மரத்தடியில் டப்பாவைத் திறந்ததும் கை கையாக நீளுமாம். இவளுக்கு வாலும் முள்ளும்தான் மிஞ்சுமாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான் வறுத்த மீன், முகம் தெரியாதவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அந்த ஜூனியரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே கரித்துக்கொட்டினேன்.

இவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடு ஒரு அம்மா. ஆணாக இருந்தாலாவது என் பொறாமைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். அந்த அம்மா கூப்பிட்டால் குழம்பு அடுப்பில் இருந்தாலும் இவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று குரல் இறங்கி வரும். குரலும் வேறு. வீட்டில் இன்னா, கீது, போவல என்று பேசுகிறவள், மாடியில் என்ன, இருக்கிறது, போகவில்லை என்பாள். கீழே வந்து குழம்பைப் பார்த்துவிட்டு "அடிப்புடிச்சிருச்சேப்பா, நீ பாக்கக் கூடாதா" என்று என்னைத் திட்டும்போதுதான் எனக்கு உயிர் வரும். திட்டுவதற்காவது நான் வேண்டியிருக்கிறதே.

அவள் ஆராய்ச்சியும் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான். அங்கேயே உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றியே எழுதுவது. சாப்பிடும்போது அதன் பூர்வீகத்தை எனக்குச் சொல்வாள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியபோது அதற்கு வகுப்பறை ஒன்றுகூடக் கிடையாதாம். பாடம் எடுப்பதெல்லாம் ஊர் ஊராக இருந்த காலேஜ்களின் வேலை. பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். டிபார்ட்மென்ட், பேராசிரியர், ஆராய்ச்சி எல்லாம் ரொம்பப் பின்னால் வந்ததாம். நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். "அப்ப ஆரம்பத்துல எல்லாருமே கரஸ்தான்னு சொல்லு" என்றேன். அவளுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, மேடத்திடம் சொல்கிறேன் என்றாள். அதைக்கூட அங்கே கொண்டுபோய்த்தான் சொல்லவேண்டுமா? வீட்டுக்குள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால்கூட அதற்கும் அந்த மரத்தடியில் பங்கு போகிறது.

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் தலைமுறை. ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர், அம்மா மீன் கூடை சுமந்தவர் என்று இருந்த வீடுகளிலிருந்து முதன்முதலில் அந்த கேட்டுக்குள் போனவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசிப் பதிவு செய்யவேண்டும். இந்த வேலையில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. டிரைவர். லீவு நாளிலெல்லாம் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். எங்கள் பக்கத்து ஆட்களைப் பார்க்க எங்கள் பக்கத்தில் ஒரு தெருவுக்குக்கூடப் போகவில்லை. அடையாறு, மடிப்பாக்கம், தாம்பரம், அண்ணா நகர் மேற்கு. வண்டி எப்போதும் பாலத்தைத் தாண்டித் தெற்கேயோ மேற்கேயோ பார்த்துத்தான் ஓடியது.

ஒரு பெரியவர் நன்றாக நினைவிருக்கிறார். காசிமேட்டில் கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடையாறில் ஃபிளாட், பால்கனியில் ரோஜாச் செடி. பட்டமளிப்புக்கு வாடகைக்குக் கறுப்பு அங்கி எடுத்து, ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டினார். அங்கிக்குக் கீழே செருப்பில்லாத கால். ஹாஸ்டல் பையன்களோடு ஊர்வலம் போனது, கையில் மீன் நாற்றம் இருக்குமோ என்று சோப்பு போட்டுப் போட்டுத் தேய்த்தது என்று அழகாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் ஏரியாவைப் பற்றி ஆசை ஆசையாக விசாரித்தார். அந்த முக்கில் இருந்த டீக்கடை இருக்கிறதா, கோயில் தேர்ப்பவனிக்கு இப்போதும் கூட்டம் வருமா. கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா செத்ததற்கு வந்தது என்றார். ஒரே பஸ்ஸில் வந்துவிடுகிற தூரம்.

எல்லோருமே அப்படித்தான். எல்லோருக்கும் எங்கள் பக்கத்தின் மேல் உயிர், யாரும் இங்கே இல்லை. அவள் ரெக்கார்டரை அணைத்துவிட்டு வந்து பைக்கில் ஏறுவாள். அந்தத் தெருக்களில் கொஞ்ச தூரம் மெதுவாகப் போகச் சொல்வாள். மகளுக்கு மழை வந்தால் இழுப்பு. எங்கள் பக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலை நாற்றத்தோடு ஒரு காற்று வரும். அது மணலிப் பக்கமா எண்ணூர்ப் பக்கமா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவோம். "இங்க மூச்சு விட்டுப் பாருப்பா" என்று ஒரு முறை பின்னாலிருந்து சொன்னாள். விட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வண்டியை வேகமாக முறுக்கினேன்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கையில் டாக்டர் பட்டம் வந்தால் போதும். ராயபுரத்திலிருந்து தினமும் போய் வருவது ஆகாத காரியம். எனக்கு எண்ணூர் பக்கம் யார்டு. யார் யாரோடு போவது, யார் எதை விடுவது? இதைப் பேச வாயெடுத்தால் "அப்பறம் பேசலாம்ப்பா" என்பாள். தீசிஸ் கொடுத்துட்டு. ரிப்போர்ட் வரட்டும். வைவா முடியட்டும். அப்பறம், அப்பறம். மாதக்கணக்கில் அந்த ஒரு வார்த்தையிலேயே என்னை நிறுத்திவைத்திருந்தாள். எனக்கு அந்தக் காலேஜ்மேல் கோபமில்லை. அவளுக்கு இந்த ஆசையைக் கொடுத்தது அந்த மரமும் வராந்தாவும்தான் என்று நிச்சயமாக நம்பினேன். அங்கே போயிருக்காவிட்டால் என்னுடைய தெருவே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அப்படித்தான் நினைத்தேன், நினைத்து நினைத்து எரிந்தேன். தாம்பரத்துக்குப் போனால் நான் யார்? டாக்டரம்மா வீட்டுக்காரர். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அது ஒரு சடங்கு மாதிரி. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வருவார். இவள் எல்லோர் முன்னாலும் தன் ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். பிறகு பார்வையாளர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், கேட்டால் இவள் பதில் சொல்லியே ஆகவேண்டும். யாரும் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, கேள்விகளை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கேட்கிறவர்களுக்கும் தெரியும், கைடுக்கும் தெரியும், வருகிற பேராசிரியரும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொடுத்திருப்பார். முந்தின நாள் சாயந்திரம் முழுக்க இவள் போனில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேள்வி சொல்லிக்கொண்டிருந்தாள். நீ இதைக் கேள், நீ ஆவணங்களைப் பற்றிக் கேள், நீ பெண்களைப் பற்றிக் கேள். கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைப்பது மாதிரி விநியோகம் நடந்தது.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன கேள்வி என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், ஆனால் விளையாட்டில்லை. அவள் சிரித்துவிட்டு, வீட்டுக்காரர் எழுந்து கேட்டால் நன்றாக இருக்காது, நீ பேசாமல் சமோசா, கேக், காபி எல்லாம் நேரத்துக்கு வந்து சேருகிறதா என்று பார்த்துக்கொள் என்றாள். என் வறுத்த மீனைத் தின்ற ஜூனியருக்கு ஒரு கேள்வி. எங்கள் ஏரியாவின் பக்கமே வராத பையனுக்கு ஒரு கேள்வி. ஊரெல்லாம் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக் ஓட்டி, அந்த மனிதர்களின் வாசலில் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற எனக்குச் சமோசா. எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. வெங்காயம் கையில் இருந்ததால் கண்ணுக்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

மறுநாள்தான் நான் முதன்முதலாக அந்த கேட்டுக்குள் போனேன். இரண்டு கையிலும் சமோசா டப்பா. எதையும் பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்துவிட்டேன். வராந்தாவில் அவள் சொன்ன காற்று வந்தது. மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச் இருந்தது, பட்டை பட்டையாக வெயில் விழுந்திருந்தது. அழகான இடம்தான். அழகாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பதினெட்டு வயதில் எனக்கும் இங்கே வர மார்க் இருந்தது, அப்பா இறந்துவிட்டதால் யார்டுக்குப் போனேன். அந்த நினைப்பை அன்றைக்குத்தான் முழுசாக நினைத்தேன்.

செமினார் ஹாலில் ஏ.சி. போட்டிருந்தார்கள். முன் வரிசையில் என் மாமியார் பட்டுப் புடவையில், மடியில் என் மகள். நான் டப்பாக்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பேசத் தொடங்கினாள். நிதானமான, சுத்தமான தமிழ். திரையில் அந்தப் பெரியவரின் போட்டோ வந்தது, அங்கியும் வெறுங்காலுமாக. பெருமையாக இருந்தது. பெருமைக்குள்ளேயே பொறாமையும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த கதைகளை எல்லாம் அவள் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும், கேள்வி கேட்கலாம் என்றார் தேர்வாளர். ஒரு பையன் எழுந்து ஆவணங்களைப் பற்றிக் கேட்டான். அவள் "நல்ல கேள்வி, நன்றி ஐயா" என்று தொடங்கி, இப்போதுதான் யோசிப்பவள் மாதிரி மேலே பார்த்துப் பதில் சொன்னாள். தேர்வாளர் அவனிடம், பதில் திருப்தியா என்று கேட்டார். திருப்தி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கேட்டவர் திருப்தி என்று சொன்னால்தான் அந்தக் கேள்வி முடிந்ததாகக் கணக்கு. அடுத்து ஒருத்தி பெண்களைப் பற்றிக் கேட்டாள். திருப்தி. கடைசியாக எழுந்தவள் மீன் தின்ற ஜூனியர் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. எழுந்தவளுக்குக் கேள்வி மறந்துவிட்டது. "அது வந்துக்கா..." என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹாலில் சின்னச் சிரிப்பு. வேறு யாராவது என்று தேர்வாளர் சுற்றிப் பார்த்தார்.

எழுந்துவிட்டேன். எழ நினைக்கவில்லை, எழுந்து நின்ற பிறகுதான் நிற்பது தெரிந்தது. வீட்டில் கேட்டால் அப்பறம் என்பாள். இந்த இடத்தில் அப்பறம் என்று சொல்ல முடியாது. அது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எனுக்கு ஒரு கேள்வி கீது சார்" என்றேன். முன் வரிசையில் மாமியார் திரும்பிப் பார்த்தார். அவள் மேடையில் அப்படியே நின்றாள். நான் அவளைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்க போட்டுப் பேசினேன். "எங்க பக்கத்துலேர்ந்து இங்க படிக்க வந்தவங்க கதையெல்லாம் சொன்னீங்க. படிச்சி முடிச்சிட்டு எங்க பக்கத்துலயே இருந்தவங்க எத்தினி பேரு?"

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "நல்ல கேள்வி, நன்றி ஐயா" என்றாள். பழக்கதோஷம். பிறகு, தான் சந்தித்தவர்களில் ஒருவரும் இப்போது வடசென்னையில் வசிக்கவில்லை என்றாள். வேலை ஒரு காரணம், பிள்ளைகளின் படிப்பு ஒரு காரணம், தண்ணீரும் காற்றும் ஒரு காரணம். விட்டுப் போனதில் எல்லோருக்கும் வருத்தம் உண்டு, திரும்பி வரும் எண்ணம் யாருக்கும் இல்லை என்றாள். எல்லாம் சரியான பதில். தேர்வாளர் என்னைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஆராய்ச்சி பண்ணவங்க இன்னா பண்ணப் போறாங்க? அவங்களும் போவாங்களா?"

கைடு அம்மா நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். இது ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி, பதில் சொல்லவேண்டியதில்லை என்றார் தேர்வாளர், மரியாதையாகத்தான் சொன்னார். அவள் கையிலிருந்த மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"சொல்றேன் சார்" என்றாள் அவரிடம். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த ஹாலில் அதுவரைக்கும் அவள் பேசாத பேச்சில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று பேசுகிற மாதிரி பேசினாள்.

"போவேம்ப்பா. நானும் போவத்தான் போறேன். தனியா போவறதுன்னா எப்பவோ சொல்லிட்டிருப்பேன். உன்ன எப்டி கூட்டிக்கினு போவறதுன்னு தெரியாமத்தான் அப்பறம் அப்பறம்னு தள்ளிக்கினு இருந்தேன்."

என் மகள் பாட்டியின் மடியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தக் கட்டடம் அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து என்னைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். எண்ணூர் யார்டும் என் தெருவும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பத்துப் பேரும் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் போகப்போகிறேன் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை. என்னிடம் தனியாகச் சொல்லவேண்டியதைச் சொல்லவும் அவளுக்கு இந்த ஹால்தான் தேவைப்பட்டிருக்கிறது.

தேர்வாளர் தொண்டையைக் கனைத்தார். முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அவர் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். "பதில் திருப்திங்களா?" என்றார்.

"பதில் கரெக்டு சார்" என்றேன். "எனுக்குத்தான் திருப்தி இல்ல."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்துவிட்டு, அதைத் திருப்தி என்றே எழுதிக்கொண்டார்.